கைப்பைக்குள் அதிரும் போன்

கனடாவின் மிசிசாகாவில் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. பக்கத்து மைதானத்தில் பெண்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். இந்த ஊரின் பனித்தரை ஹாக்கி அல்ல. தண்ணீர் தெளித்த நீலச் செயற்கைத் தரையில் ஆடுவது. பெஞ்சில் உட்கார்கிறேன். அருகில் ஒரு தமிழ் அன்ரி, மடியிலுள்ள கைப்பையை இரு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிறார். உள்ளே போன் அதிர்கிறது.

"எடுக்கலையா?" என்கிறேன்.

"என்ர இல்லை. அந்த ஏழாம் நம்பர்ப் பிள்ளையின்ர. ஹொலன்ட்காரி, எங்கட பேஸ்மென்டில இருக்கிறா. போன வருஷம் அவையின்ர நாட்டு இளையோர் ரீமால நிப்பாட்டிப்போட்டினம். திரும்ப எடுக்கினமோ எண்டு இண்டைக்கு மெசேஜ் வருமாம். மட்ச் முடியுமட்டும் தரவேண்டாமெண்டு சொல்லித் தந்தவ."

"வந்துடுச்சா?"

"வந்திட்டுது. டச்சில கிடக்கு. எனக்கென்ன விளங்கும்?"

ஆட்டம் முடிகிறது. உரசிச் சிவந்த முழங்காலோடு அந்த ஏழாம் நம்பர்ப் பெண் ஓடி வருகிறாள். அன்ரி போனை நீட்டுகிறார். பிடியை உடனே விடவில்லை. அவள் மெல்ல இழுத்து வாங்கி, இரண்டு தரம் வாசிக்கிறாள்.

"ஓம், அன்ரி, எடுத்திட்டினம். ஊருக்குப் போகவேணும்," என்கிறாள், அந்த வீட்டில் கற்ற தமிழில்.

"நல்லது பிள்ளை," என்கிறார் அன்ரி, அதிராத கைப்பையை இன்னும் அமுக்கிப் பிடித்தபடி.