முப்பத்து நான்காம் எண் நடந்து வந்த கதை

சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவில் பாக்சைட் வெட்டிக்கொண்டிருந்த கம்பெனி 2009 மார்ச் 31ஆம் தேதி வேலையை நிறுத்தியது. ஆனாலும் ஏற்காட்டிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் இன்றைக்கும் "மைன்ஸ் காலனியெல்லாம் எறங்குங்க" என்றுதான் குரல் கொடுக்கிறார். காலனியில் நாற்பத்தாறு வீடுகள். ஆள் இருப்பது இருபத்தொன்பதில். லாரி எடை போட்ட மேடையில் இப்போது டீக்கடை. தாது வாளிகளை அடிவாரத்துக்கு இறக்கிய ரோப்வே கோபுரங்களில் ஐந்து மிச்சம். அவற்றில் மூன்றில் மிளகுக் கொடி ஏறிவிட்டது. மேனேஜர் பங்களா ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்று பச்சையாகத் தெரியும். தங்க வருகிறவர்கள் ஏரி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இது கிராமமும் இல்லை, டவுனும் இல்லை. பக்கத்துக் கிராமமான செம்மநத்தத்துக்காரர்களைச் சொந்த ஊர் எது என்று கேட்டால் பாட்டன் உழுத காட்டைக் காட்டுவார்கள். காலனிக்காரர்களுக்குக் காட்ட அந்தக் குழிதான் உண்டு.

லூர்துசெல்வி 1967இல் இங்கேதான் பிறந்தாள். பதினெட்டு வயதில் கம்பெனி கேன்டீனில் சேர்ந்தாள். ஒரு ஷிஃப்டுக்கு நூற்றிருபது தோசை. இருபத்திரண்டில், ரோப்வேயில் வாளி நிரப்பிய ஏசுராஜைக் கட்டிக்கொண்டாள். கம்பெனி மூடிய மூன்றாம் வருடம் ஏசுராஜ் காலமானார். மகள் சாரா சேலத்தில் நர்ஸ். லூர்துசெல்வி ஹோம்ஸ்டேயில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறாள். "அப்ப ஆளுங்க வயித்தப் பாத்தேன், இப்ப முதுகப் பாக்கறேன்" என்பாள்.

சென்ற வருடம் ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில், மேல் வரிசையில் இருக்கும் அவள் வீட்டுக் கதவில் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. ஜூலை மழையில் குழியின் கரை சரிந்துவிட்டது. 34ஆம் எண் வீடு கரை ஓரத்தில் இருப்பதால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். கிளியூர்ப் பக்கம் மாற்று வீடு தரப்படும்.

குழிக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே முழுசாக ஒரு மேடு இருந்தது. ஆனால் தவறு எங்கே நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காலனியில் எண் சுவருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். வேலைக்குச் சேரும்போது கம்பெனி ஒருவனுக்குக் கொடுத்த டோக்கன் எண்ணே அவன் வீட்டு எண். வீடு மாறினால் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புது வீட்டில் மாட்டுவார்கள். ஏசுராஜ் முதலில் குடியிருந்தது குழி ஓரத்தில்தான். தூசியில் குழந்தை சாராவுக்கு இளைப்பு வந்ததால், 1994 ஜூனில், மேல் வரிசையில் இருந்த அங்கப்பனோடு வீடு மாற்றிக்கொண்டார்கள். அங்கப்பன் பாறைக்கு வேட்டு வைப்பவர். குழிக்குப் பக்கத்தில் இருப்பது அவருக்கும் வசதி. 34 மேலே வந்தது, 112 கீழே போனது. கம்பெனி 1991இல் வரைந்த வரைபடத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை.

உண்மையைச் சொன்னால் அவள் வீடு தப்பிக்கும். காகிதம் அங்கப்பன் வீட்டுக்குப் போகும். அவள் நோட்டீஸைத் தண்ணீர் தொட்டு உரித்து, பைபிளுக்குள் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கதவின் எண் தகட்டையும் கழற்றினாள். தானே பூசிய சிவப்புச் சிமென்ட் தரையைப் பார்த்ததும் சாக்கை அவிழ்த்தாள். பிறகு மறுபடியும் கட்டினாள். வேலைக்குப் போகும்போது அங்கப்பன் வீட்டுப் பாதையை விட்டு, டீக்கடை வழியாகச் சுற்றிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு தீபிகா என்ற சர்வேயர் வரைபடத்தோடும் டேப்போடும் வந்தாள்.

"ஏனுங்கம்மா, முப்பத்திநாலு மேப்புல குழி ஓரமா இருக்குது. நீங்க இங்க இருக்கறீங்க?"

"மேப்புல இருக்கறது ஊடு கண்ணு. நம்பர் எங்ககூட வந்திருச்சு."

"நம்பர் எப்படிங்க நடந்து வரும்?"

லூர்துசெல்வி டோக்கன் கதையைச் சொன்னாள். தீபிகா பென்சிலைக் காதில் செருகினாள்.

"அப்ப அந்த ஊட்ல இப்ப யாரு இருக்கறாங்க?"

கையிலிருந்த விரிப்பை லூர்துசெல்வி நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். அதை வைத்துவிட்டு, பைபிளிலிருந்து நோட்டீஸை எடுத்துக்கொண்டாள். "வா கண்ணு, காட்டறேன்."

குழி ஓரத்தில் எட்டு வீடுகள். ஏழு இடிந்து கிடந்தன. எட்டாவதின் வாசலில் அங்கப்பன் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கக்கா, மூணு நாளா டீக்கடை வழியா ஊர்வலம் போறீங்க? எம்மேல கோவமுங்களா?"

"கோவமில்ல அங்கப்பா. என்ற கதவுல ஒட்டுன நோட்டீசு, அது உன்ற ஊட்டுக்கு வந்தது." சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள்.

அங்கப்பன் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். பீன்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் மாற்று வீடு கேட்டு அவர் எழுதிய மூன்று மனுக்கள், மூன்றும் தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்தவை.

"இதத்தானுங்க ரெண்டு வருசமாத் தேடிட்டிருந்தேன். நூத்திப்பன்னெண்டு மேல் வரிசையில பத்தரமா இருக்குதுன்னு எழுதியே திருப்பி அனுப்பறாங்க. பின் செவுத்தப் பாருங்க, கையி உள்ள போகுது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"இருவது வருசம் வேட்டு வெச்சவன், செவுத்துக்குப் பயந்துட்டான்னு நீங்க காலனி பூராச் சொல்லிச் சிரிக்க மாட்டீங்களா?"

"சிரிச்சிருப்பேன்" என்றாள் லூர்துசெல்வி. மூன்று நாளில் அன்றுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தீபிகா டேப்பைப் பிடித்தாள். கரையிலிருந்து அங்கப்பன் வீட்டுப் பின்சுவர் வரை ஆறு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். லூர்துசெல்வியின் வீடு வரை நூற்று நாற்பத்தெட்டு மீட்டர். இரண்டையும் குறித்துக்கொண்டு, "இனி நம்பர நம்ப மாட்டேனுங்க, பேரையே எழுதிக்கறேன்" என்றாள்.

மதியம் மழை வெறித்ததும் லூர்துசெல்வி சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கினாள். 34 என்ற தகட்டைக் கதவில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது அங்கப்பன் வந்து நின்றார்.

"அந்தத் திருப்புளியக் கொஞ்சம் குடுங்கக்கா. என்ற நம்பரக் கழட்டோணும்."

"கிளியூர்ல புது ஊட்டுக்கு அவங்களே நம்பர் போடுவாங்களாம்."

"போடட்டுமுங்க. அதுக்குக் கீழ இது இருந்துட்டுப் போகுது."

அவள் கடைசித் திருகாணியை அழுத்தி முறுக்கிவிட்டு, திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள்.