வலியசாலையில் இரண்டு முடிவுகள்

1973 டிசம்பர் 8, சனிக்கிழமை. நாகர்கோவிலிலிருந்து காலை பஸ். அறுபத்தைந்து கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடந்து மலையாளத் தலைநகரின் கிழக்கேகோட்டையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து தமிழர் தெருவான வலியசாலை நடக்கும் தூரம்தான். கல்லூரி நண்பர் கிருஷ்ணன் வாசலில் நின்றார்.

"என்ன ஓய், பஸ்ஸில வந்தீரா, பஸ்ஸைத் தள்ளிண்டு வந்தீரா?"

அவர் கணக்கர். ஓய்வு நேரத்தில் திரைப்படச் சங்கத்துக்கு உழைப்பவர். அன்று மாலை போரில் எதிரிகளுக்கிடையே நேர்ந்த மனிதத்தன்மையைச் சொல்லும் மூன்று குறும்படங்கள். அவற்றைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வெளிநாட்டுப் பிரதிகளில் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடாது. அதனால் உறுப்பினர் ஒருவர் திரைக்கருகே மைக்கில் வசனத்தை மலையாளத்தில் வாசிப்பது அங்கே வழக்கம். வாசிப்பவர் கிருஷ்ணன்.

சாப்பாட்டுக்குப் பிறகு குரலைத் தாழ்த்தினார். தங்கை லலிதாவும் வருகிறாளாம். அவள் கணவர் ராணுவத்தில் இருந்தார். 1971 போரில் காணாமற்போனவர், உடல் கிடைக்கவில்லை. தை பிறந்ததும் தர்ப்பையில் உருவம் செய்து கருமம் முடித்துவிட வேண்டும் என்கிறார் மாமனார். லலிதா சம்மதிக்கவில்லை.

"கடைசிப் படத்தில கைதியைச் சுட்டுடறான். வராதேன்னேன். கேக்க மாட்டேங்கறா."

மாலை ஆறு மணிக்கு அரங்கில் நூறு பேர் இருக்கலாம். லலிதா குங்குமத்தோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலிரண்டு படங்களும் சுமார்.

மூன்றாவதில், பாழடைந்த மாவு ஆலையில் ஒரு சிப்பாயும் அவனிடம் சிக்கிய எதிரியும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறார்கள். விடிந்ததும் அதிகாரியின் உத்தரவு. சிப்பாய் கைதியை ஆலைக்குப் பின்னால் கூட்டிப்போகிறான். வெடிச்சத்தம். தனியே திரும்புகிறான். வழியில் தோழனிடம் ஏதோ சொல்கிறான்.

மைக்கருகே தாளிலிருந்து ஒரு தலை நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு கிருஷ்ணன் வாசித்தார்: "வானத்தைப் பார்த்துச் சுட்டேன். அவன் ஆற்றைக் கடந்துவிட்டான்."

படம் முடிந்து விவாதம் தொடங்கியதும் ஒரு பேராசிரியர் எழுந்தார். கல்கத்தாவில் இதே படத்தைப் பார்த்தவராம்.

"அது தெற்றாணு, சாரே, தப்பு! கைதி செத்துப்போனான். 'முடிச்சிட்டேன்'னுதான் சிப்பாய் சொல்றது."

கிருஷ்ணன் தலை குனிந்தார். லலிதா எழுந்து வீட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"பிணத்தைப் படத்தில காட்டினாளா?"

"இல்ல. பட்சே..."

"காட்டலை இல்லியோ? பின்னே அண்ணா வாசிச்சதை எதுக்குத் திருத்தறேள்?"

பேராசிரியர் உட்கார்ந்தார். வீட்டுக்கு நடக்கும்போது லலிதா அண்ணனிடம், "ஆறு எங்கேர்ந்து வந்தது? படம் பூரா ஒரு சொட்டுத் தண்ணி இல்லியே," என்றாள். கிருஷ்ணன் வேகமாக முன்னே நடந்தார்.

டிசம்பர் 9, ஞாயிறு. பஸ் ஏற்றிவிட வந்த கிருஷ்ணன், லலிதாவின் மாமனாரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். தையில் கருமம் இல்லை.

"கோபப்பட்டாரா?"

"எத்தனை நாளைக்குன்னார். தெரியாதுன்னேன்."

எங்கள் ஊர்க் கொட்டகையில் போர்ப் படம் என்றால் எதிரி சாக வேண்டும், ஜனம் கைதட்ட வேண்டும். அங்கே எதிரி செத்ததற்காக யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை, பிழைத்ததற்காகவும்தான்.

அன்று சாயங்காலம் அதே படத்துக்கு இன்னொரு காட்சி உண்டு. எதை வாசிக்கப் போகிறீர் என்று பஸ் ஜன்னல் வழியே கேட்டேன்.

"உள்ளதைத்தான், ஓய். சங்கக் காரியமாச்சே, மாத்தி வாசிக்கலாமா? லலிதா வரலை. அவள் பார்த்தாச்சாம்."