குலவைக்கு முன் போட்ட ஊசி

எங்கள் ஊர் முளைப்பாரியில் முதல் குலவையை எடுப்பது நான்தான். கொட்டாம்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ஒத்தக்கடைக்கு வந்த பிறகும் அந்த ஒரு உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் நாக்கைச் சுழற்றிக் குரல் கொடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். என் அண்ணன் மனைவி, என் மதினி, அவருக்கு அந்த இடத்தின் மேல் பல வருடமாக ஒரு கண்.

போன வருடம் பாரிக்கு விதை போட ஒரு வாரம் இருக்கும்போது என் இடது கீழ்க் கடைவாய்ப்பல் வேலையைக் காட்டியது. காப்பி பட்டாலும் வலி, பச்சைத் தண்ணீர் பட்டாலும் வலி. மதினியிடம் போனில் சொன்னேன்.

"புடுங்கிப் போட்டுட்டு வாத்தா. ஒத்தப் பல்லுக்கு இம்புட்டு அலப்பறையா?" என்றார். அவர் அப்படித்தான் வலது பக்கம் இரண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இடது பக்கமாகவே மென்றுகொண்டிருப்பவர்.

எனக்கு மனசு வரவில்லை. சிம்மக்கல்லில் ஒரு பல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லா இருக்கும்மா, உள்ள நரம்புதான் கெட்டுருக்கு. வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்திரலாம். மூணு தடவை வரணும்" என்றார். நான் பயந்ததெல்லாம் ஊசிக்கு. அது ஒரு சுருக், அவ்வளவுதான். பாதி நாக்கும் பாதி உதடும் மரத்துப்போயின. பிறகு முடி கனத்தில் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, வாய்க்கால் தூர்வாருகிற மாதிரி வேரைச் சுத்தம் செய்தார். வலிக்கவே இல்லை. ஆவென்று திறந்தபடி கிடந்ததில் தாடைதான் கடுத்தது. தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்.

இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. அங்கேதான் என் மூளையைக் காட்டினேன். வலியே இல்லை, இன்னும் இரண்டு தடவை எதற்கு என்று போகாமல் விட்டுவிட்டேன். ஊருக்குப் போய் விதை போட்டு, காப்புக் கட்டி அங்கேயே தங்கினேன். பாரி எடுப்பதற்கு முந்தின நாள் வறுகடலையைக் கடித்தபோது அடைப்பு பெயர்ந்து வந்தது. சாயங்காலத்துக்குள் வலியும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து சிம்மக்கல் போய் நின்றேன். "வலி போயிட்டா வைத்தியம் முடிஞ்சிருச்சுன்னு யாரும்மா சொன்னா?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். தப்பு என் பேரில், வாங்கிக்கொண்டேன். மறுபடி ஊசி போட வேண்டும், மரப்பு விலக நாலு மணி நேரமாவது ஆகும் என்றார். மணி பதினொன்று ஆகியிருந்தது. பாரி கிளம்புவது நாலு மணிக்கு. மரத்த நாக்கை வைத்துக்கொண்டு குலவை போட முடியாது. ஆனால் அந்த வலியோடு வாயையே திறக்க முடியாது.

"போடுங்க" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகக் குலவை போட்டுப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்துச் சீட்டு அம்மா, "வாந்தி வருதாத்தா?" என்று ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

ஊரில் இறங்கியதும் என் கோணல் வாயை மதினி பார்த்துவிட்டார். "நீ பாரியத் தூக்குனா போதும். குலவைய நான் எடுக்குறேன்" என்றார். பேச்சில் யாரிடமும் தோற்காத நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொழகொழவென்று என்னமோ வந்தது. நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு மணி. பாரியைத் தலையில் ஏற்றினோம். கொட்டு ஆரம்பித்தது. மதினி மூச்சை இழுத்தார். அந்த நேரம் பார்த்து என் நாக்கோரத்தில் குறுகுறுவென்று ஏதோ ஊர்ந்தது. பல்லால் லேசாகக் கடித்துப் பார்த்தேன். வலித்தது! ஒரு வலிக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

எடுத்தேன் பாருங்கள் ஒரு குலவை! கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கொட்டு எகிறியது, பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். மதினியும்தான், வேறு வழி?

பாரியைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போது மதினி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சண்டைக்குத்தான் என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். இடது பக்கக் கடைவாய்ப்பல் கறுத்துக் கிடந்தது.

"ஒரு மாசமா உசுரு போகுதுத்தா. இதையும் புடுங்கிட்டா எதை வச்சு மெல்லுறது? அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

"போவோம் மதினி. ஆனா வலி போனாலும் மூணு தடவையும் வரணும்" என்றேன். "பல்லு சரியாயிருச்சுன்னு குலவைக்கு மட்டும் போட்டிக்கு வரக்கூடாது."

வாயைத் திறந்தபடியே தலையாட்டினார்.