வின்டர்தூர் மேடையில் அஜர்பைஜானி

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகர மாநாட்டு மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். சோவியத் ஒன்றியம் உடைந்து சில வருடங்களே ஆகின்றன. மேடையில் நிற்பவர் அஜர்பைஜானிலிருந்து வந்த மொழியியல் பேராசிரியை. புதிய நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. இதுவரை வெளிநாட்டு மேடைகளில் ரஷ்ய மொழியில்தான் பேசவேண்டியிருந்தது என்று காலையில் காபி குடிக்கும்போது என்னிடம் சொன்னார். இன்று தாய்மொழியில் பேச அனுமதி கேட்கிறார்.

“ரஷ்ய மொழிக்கு மட்டும்தான் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்,” என்கிறார் மாநாட்டுத் தலைவர்.

“அப்படியானால் நானே மொழிபெயர்த்துக்கொள்கிறேன்,” என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுத் தாய்மொழியில் தொடங்குகிறார். கொஞ்சம் அஜர்பைஜானியில், பிறகு அதையே ஜெர்மனில். அவர் குரல் போகப்போக மண்டபத்தை நிறைக்கிறது.

தேநீர் வண்டியோடு வாசலில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் என் பக்கம் குனிகிறார். “அண்ணை, உவ என்ன பாஷை கதைக்கிறா?”

“அவங்க சொந்த மொழிம்மா. வெளிநாட்டு மேடையில இன்னைக்குத்தான் முதல் தடவை.”

“ஓமோ? அப்ப முடியுமட்டும் நிண்டு கேட்டிட்டுத்தான் போறன்.”

பேச்சு முடிந்ததும் மண்டபமே எழுந்து கைதட்டுகிறது. தலைவரும் எழுந்து நிற்கிறார். அடுத்துப் பேச வந்தவர், சோவியத்திலிருந்தே பிரிந்த ஜார்ஜியாவின் பேராசிரியர், ரஷ்ய மொழியில் எழுதி வந்த உரையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஜார்ஜிய மொழியில் சபைக்கு வணக்கம் சொல்கிறார்.