கடைசிப் பூச்சு

பதுளைப் பக்கத்து மடுல்சீமைத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை அழகையாவுக்கு. தேயிலை ஸ்டோரிலிருந்து திரும்பியதும், தொழிலாளர் லயத்தில் தனக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் தகரம் இழுத்துக் கட்டிய பட்டறையில் தன் சொந்த வேலையைத் தொடங்கிவிடுவார். நல்ல கைக்காரர். அதைவிடப் பெரிய பிடிவாதக்காரர்.

மனைவி வடிவம்மாவுக்கு ஓர் அலமாரி செய்துகொண்டிருந்தார். கல்யாணச் சேலையை அவள் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். ஈரத்தில் அது பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிப் பலகை என்பது மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியது. பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வரும் வழியில் நாள்கணக்காக மழையில் ஊறித் தகடு பிரிந்துவிட்டால், சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு ஒதுக்கிவிடுவார்கள். அவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் தோட்டத்தை அப்போது நடத்திய வெள்ளைக்காரத் துரை. அழகையா பிரிந்த தகடுகளுக்கு இடையே வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, கல்லேற்றி அழுத்திப் புதுப் பலகையாக்கினார்.

அந்தச் சிவப்புக் கோடு மட்டும் அவர் கண்ணை உறுத்தியது.

"அத இழைக்காதீங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா அதுதானே சாட்சி" என்றாள் வடிவம்மா.

"அலமாரிக்குப் பொட்டு வைக்கச் சொல்றியா?"

இழைத்தே விட்டார். பிறகு அரக்குப் பாலிஷ் தொடங்கியது. துணி உருண்டையால் தேய்ப்பார், காயவிடுவார், மறுபடி தேய்ப்பார். சேலையை வைக்கட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "இன்னும் ஒரு பூச்சு. காயட்டும்." அலமாரியில் முகம் தெரிந்தது, சேலை சாக்கிலேயே கிடந்தது. இந்த மனுஷனை என்ன செய்வது!

வெள்ளைக்காரர்களின் சீமையில் சண்டை தொடங்கிய வருஷம் பழைய துரை கப்பலேறிப் போனார். புதுத் துரை ஒருநாள் லயம் பார்க்க வந்து, அலமாரியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது நம்ம பெட்டிப் பலகை. சிவப்புக் கோடு எங்கே?"

"இழைச்சுட்டேங்க தொரை. கழிச்ச பலகைதாங்க."

துரை, கூட வந்திருந்த தம்பையா கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். கங்காணியின் ஆட்கள்தான் அந்தப் பலகைகளை லயத்துக்குச் சுமந்து வந்தவர்கள். அவரோ தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாதுங்க தொரை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே, கதை சொல்கிற நான் அவரை மன்னிக்கமாட்டேன்.

திருட்டு என்று ஆகிவிட்டால் துண்டு கிடைக்காது. அந்த விடுவிப்புச் சீட்டு இல்லாதவனை வேறெந்தத் தோட்டமும் சேர்க்காது. காம்பராவும் போய்விடும். அழகையா போகவேண்டிய இடம் பதுளைச் சிறைதான்.

"ஸ்டோர்ல இருந்து ஒரு நல்ல பலகை எடுத்தாரச் சொல்லுங்க தொரை. ரெண்டுலயும் வெந்நீ ஊத்துறேன். நல்லது நாள்கணக்கா ஊறுனாத்தான் பிரியும், ரெண்டு சட்டி வெந்நீக்கு அசையாது. நான் வச்சிரம் போட்டு ஒட்டுனது வாயப் பொளந்துடும்" என்றார் அழகையா.

பலகை வந்தது. வடிவம்மா கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்டோர்ப் பலகை அப்படியே இருந்தது. அலமாரிக் கதவில் ஊற்றினார். பாலிஷ் வெளுத்ததே தவிர, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. கதவு அசையவில்லை. அத்தனை பூச்சு!

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் துரை. இழுத்துப் போகக் கங்காணி அழகையாவின் தோளில் கை வைத்தார்.

அழகையா அந்தக் கையை உதறிவிட்டு உளியை எடுத்தார். கதவின் கீழ் விளிம்பில் வைத்தவர், ஒரு கணம் தயங்கினார். எத்தனை மாத உழைப்பு!

"சுரண்டுங்க!" என்று கத்தினாள் வடிவம்மா.

சுரண்டினார். பாலிஷ் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. வெறும் மரம் தெரிந்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சட்டி ஊற்றினார். விளிம்பு மெல்ல உப்பியது. பசை இளகிக் கொழகொழவென்று வடிய, தகடுகள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன.

துரை ஒரு தகட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். "சரி, கழிச்ச பலகைதான். நாளைக்குக் காலைப் பெரட்டுல பேர் கொடுத்துட்டு வேலைக்கு வா" என்று சொல்லிவிட்டு நடந்தார். கங்காணியும் பின்னாலேயே போனார்.

அழகையா தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

"வேலைதான் போகலியே, ஏன் அழுவுறீங்க?"

"அலமாரி போச்சே, வடிவு."

வடிவம்மா உள்ளே போய்ச் சாக்கைப் பிரித்துச் சேலையை எடுத்து வந்தாள். வீங்கிய கதவைப் பலங்கொண்டு இழுத்துத் திறந்து, நடுத்தட்டில் வைத்தாள்.

"இனிமே பூச்சு ஒண்ணும் பாக்கியில்லையே?" என்றாள்.