ஆறு ஒன்பதுகள்

எங்கள் மில்லில் வேலைபார்ப்பவர்களின் விவரம் முழுவதும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பத்தாவது முடித்து வேலைக்கு வந்த நாளிலிருந்து அதில் பதிவது நான்தான்.

அதில் விலகிய தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. நீண்ட விடுப்பில் போகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தில் 999999 என்று ஆறு ஒன்பது போட்டுவைப்போம். அப்படி ஒரு தேதியே கிடையாது. ஆள் திரும்பி வருவார் என்று எங்களுக்குள் ஓர் அடையாளம். எங்கும் எழுதிவைக்கவில்லை.

போன வருடம், அந்த விவரங்களை வெப்சைட்டில் வரவைக்க சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஒரு வாரத்தில் இரண்டையும் இணைத்துவிட்டு, மேலாளர் அறையில் எல்லோருக்கும் காட்டினார்.

“தேதி தப்பா இருக்கிற கொஞ்சம் பேரை மட்டும் புரோகிராம் எடுக்கல. பழைய குப்பைன்னு நினைக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா மேடம்?”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அது நாங்கள் போடும் ஒன்பதுகள் என்று தெரியும்; அத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. “இல்ல சார்” என்றேன்.

பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று மாலையே அவர் ரயிலேறிவிட்டார். அவருடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது. அழைக்கவில்லை.

அடுத்த மாதம், நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியலை அந்த வெப்சைட்டிலிருந்தே எடுத்தார்கள். அது கையெழுத்தாகிப் போன பிறகு ஒருத்தி விடுப்பு முடிந்து வந்தாள். மணிமுத்தாறு பக்கத்துக்காரி. பதினோரு வருடம் நூற்புப் பிரிவில் நின்றவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள்.

“எக்கா, மில் கேட்டுல எம்பேரே இல்லைங்காவ. நீங்க கொஞ்சம் பாருங்க.”

பழைய திரையைத் திறந்தேன். அவள் பெயர், சேர்ந்த நாள், கீழே நான் போட்ட ஆறு ஒன்பது.

“இந்தா இருக்குல்லா” என்று சிரித்தாள். “நான் பயந்தே போயிட்டேன்.”

அந்தச் சிரிப்பின் முன்னால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினியர் கேட்டதையும், நான் இல்லை என்றதையும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாக்கா.”

மேலாளரிடம் போய் நின்று முதல்முறையாக நீளமாகப் பேசினேன். பட்டியல் முடிந்துவிட்டது, வேண்டுமானால் புது ஆளாகச் சேரட்டும் என்றார். சேர்ந்தாள். புது நம்பரை நானே பதிந்தேன்.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு எதற்கு, பழையதை அழித்துவிடுங்கள் என்று அவர் சொன்னபோது “சரி சார்” என்றேன். இன்னும் அழிக்கவில்லை.