கொடுத்த பிறகு அது அவள் பால்

என் சமையலறை ஆணியில் ஓர் அலுமினியத் தூக்கு தொங்குகிறது. மூடி ஒழுங்காக உட்காராது, அடியில் நசுங்கல். பழைய பாத்திரக்காரன் வரும்போதெல்லாம் மகள் அதன்மேல் கண் வைப்பாள். நான் கொடுக்க மாட்டேன். அது சங்கத்து அக்காவின் தூக்கு.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த புதிதில், ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரைசானிகளும் மண்டிக்காரர்களும் சேர்ந்த தருமக் கமிட்டி அது. கான்வென்டில் படித்த இங்கிலீஷ் இருந்ததால் பால்மாவைக் கரைத்து ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. இருபத்திரண்டு வயது, தலைக்கனத்துக்குக் குறைவில்லை. ரயில்வே குடியிருப்பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு மாவை டப்பாவோடு கொடுத்தனுப்புவோம். மீனவர், துறைமுகக் கூலிகளின் பிள்ளைகள் மட்டும் எங்கள் கண்ணெதிரே நின்று குடித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தால் டீக்கடையில் விற்றுவிடுவார்களாம். அந்த விதியில் எனக்கு அன்று ஒரு தப்பும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒருநாள் வலை பின்னுகிற பெண் ஒருத்தி, காய்ச்சலில் கிடக்கும் மகனுக்குத் தூக்கில் பால் கேட்டாள். பிள்ளையைத் தூக்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை நாற்பது பெண்கள் ஆளுக்கொரு தூக்கோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் அக்கா. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவள், கூலிகள் சங்கத்தில் பெண்களைச் சேர்த்தவள். தூக்கில் ஊற்றினால் வாங்குவோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றாள். விதி விதிதான் என்றேன். மூன்று நாள் பால் அண்டாவிலேயே திரிந்தது. பசித்த பிள்ளைகள் அழுதன. இரண்டு தாய்மார் அக்காவையே ஏசினார்கள். அவளும் கலங்கிப்போனாள், ஆனால் நகரவில்லை.

நாலாம் நாள் கமிட்டித் துரைசானி வந்தார். கொட்டகையையே மூடிவிடுவேன் என்று மிரட்டினார். இவர்கள் விற்க மாட்டார்கள் என்று நீ உறுதி கொடுப்பாயா என்று அக்காவை இங்கிலீஷில் கேட்டார். நான்தான் இரு பக்கமும் மொழிபெயர்த்தேன். ஒரு தலையசைப்பில் காரியம் முடிந்திருக்கும்.

"அத்த எப்டிம்மா நான் சொல்ல முடியும்? குட்த்தப்பறம் அது அவ பாலு. குடிப்பா, விப்பா, அவ இஷ்டம். ரயில்வே வூடுங்கள்ல போய் நீங்க பாத்துகினா கீறீங்க?"

இப்படிப்பட்ட பேச்சை வழக்கமாகப் பூசி மெழுகித்தான் இங்கிலீஷில் சொல்வேன். அன்று வலை பின்னுகிறவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். துரைசானியின் முகம் சிவந்தது. கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, ஊற்று என்றார்.

முதல் தூக்கு அக்காவுடையது. நிரப்பியதும் அதை என் பக்கமே தள்ளினாள்.

"உன் வூட்லயும் தம்பி கீறான்ல. எட்த்துகினு போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானும் அந்த வரிசைக்காரியா? ஆனால் தம்பி எலும்பும் தோலுமாக இருந்தான். வாங்கிக்கொண்டேன். தூக்கை அவள் பிறகு திருப்பிக் கேட்கவேயில்லை. காய்ச்சல்காரப் பையன் பிழைத்து, அடுத்த மாதம் வரிசையில் நின்று என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். ஒருத்தி டீக்கடையில் விற்றதையும் என் கண்ணால் பார்த்தேன். அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை விற்றுவிட்டாள் என்று நேற்று மகள் வந்து சொன்னாள். சுருக்கென்றது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். எங்கள் வாசலில் நின்றால் சமையலறை தெரியும். ஆணியில் தூக்கு தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மகளுக்கும் எனக்கும் காபி போட்டேன்.